இரண்டு பிறந்த தேதிகள்

சுனாமி வந்து இருபது வருஷம் நிறைந்த அன்று காலை, எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய அந்தக் குப்பத்தில் எல்லாரும் சொம்பில் பால் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்திருந்தார்கள். சினேகாவும் வந்திருந்தாள். புவனேஸ்வரத்தில் ஒரு போட்டியை முடித்துவிட்டு முந்தின நாள்தான் ரயிலில் திரும்பியிருந்தாள். குப்பத்தில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. செஸ் ஆடி, சர்வதேச மகளிர் மாஸ்டர் பட்டம் வாங்கிய பெண். கங்கையம்மன் கோயில் சுவரில் அவள் படம் போட்ட பேனர் ஆறு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உப்புக்காற்றில் அதன் ஒரு மூலை கிழிந்துபோயிருந்தாலும் யாருக்கும் அதை எடுக்க மனம் வரவில்லை.

யூடியூப் சேனல்காரர்கள் இரண்டு பேர் மைக்கோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் வசமாக மாட்டியவள் சினேகாவின் அத்தை குப்பம்மா. அன்றைக்குத் தண்ணீர் எப்படி எழுந்தது, யார் யார் போனார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற சினேகாவின் தோளைப் பிடித்து கேமரா முன்னால் இழுத்தாள்.

"இதோ நிக்குதே எங்க வூட்டுப் பொண்ணு, இத்தத்தான் மார்ல அணைச்சிக்கினு ஓடுனேன். இவ ஆத்தா பச்ச ஒடம்புக்காரி, அவளால ஓட முடியல. ரெண்டு மாசம்கூட ஆவல கொயந்தைக்கு."

சேனல்காரர் கேமராவைச் சினேகா பக்கம் திருப்பினார். சினேகா சிரித்துவைத்தாள். பாலை ஊற்றினாள், மற்றவர்களோடு சேர்ந்து கும்பிட்டாள். அதற்குள் கணக்கு அவள் தலைக்குள் முடிந்துவிட்டிருந்தது. பத்து நகர்த்தல் தள்ளி யோசிக்கப் பழகிய மூளைக்கு அது ஒரு கணக்கே இல்லை. அவளுடைய பிறப்புச் சான்றிதழில் இருக்கும் தேதி 2006 மார்ச் பதினான்கு. சுனாமி வந்தது 2004 டிசம்பர்.

அத்தைக்கு வயதாகிவிட்டது, வேறு ஏதோ குழந்தையோடு குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அம்மா பவுனம்மாள் திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குக் கிளம்ப மீன்கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சுனாமிக்கு முன்னாலேயே நான் பிறந்துவிட்டேனா என்று சினேகா சாதாரணமாகத்தான் கேட்டாள். பவுனம்மாளின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. அவள் மகளைப் பார்க்கவில்லை. அப்பா வந்ததும் கேட்டுக்கொள் என்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்து, குரலைத் தணித்து, "ஐப்பசி மாசம். தீபாவளிக்கு முன்ன வாரம். ராயபுரம் ஆஸ்பத்திரில" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சென்னையில் பிறந்த யாருடைய பிறப்புப் பதிவையும் இப்போது செல்போனிலேயே தேடி எடுத்துவிடலாம். 2004 நவம்பரில் ஒவ்வொரு தேதியாகப் போட்டுப் பார்த்தாள். நான்காம் தேதியில் கிடைத்தது. பெண் குழந்தை. தகப்பன் தாமோதரன், தாய் பவுனம்மாள். பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. இருபது வருஷமாக யாரும் தொடாத அந்த ஒற்றை வரியை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாமோதரன் காசிமேட்டில் விசைப்படகில் வேலை பார்ப்பவர். கடலுக்குப் போனால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இரண்டாம் நாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். குளித்துச் சாப்பிடும்வரை காத்திருந்து சினேகா கேட்டாள். அவர் மறுக்கவில்லை. அவளுக்கு ஏழு வயதாகும்போது கல்மண்டபத்தில் செஸ் கிளாஸ் நடத்திய ஃப்ரெடி மாஸ்டர், இந்தப் பெண்ணுக்கு நல்ல கை இருக்கிறது, ஆனால் ஆரம்பித்தது லேட், வயதைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் மேலே வந்துவிடும் என்றாராம். சுனாமிக்குப் பிறகு தற்காலிகக் குடியிருப்பில் பிறந்த குழந்தை, அந்த அலைச்சலில் பதியவில்லை என்று எழுதிக் கொடுத்து, ஒரு புரோக்கர் வழியாகப் புதுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். சுனாமி என்றதும் யாரும் மேலே கேட்கவில்லையாம். பள்ளிக்கூடத்திலும் அதையே கொடுத்துவிட்டார்; பிறந்தநாள் கொண்டாடும் வழக்கமில்லாத வீட்டில் அவளுக்கும் அது தெரியாமல் போயிற்று.

"எல்லாரும் பண்றதுதாம்மா. நான் ஒண்ணும் புச்சா பண்ணல" என்றார். "வயசா ஆடுது? ஆடுனது நீதானே?"

பிறகு அவருக்கு அந்த வீடியோ ஞாபகம் வந்துவிட்டது. குப்பம்மாவைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினார். அத்தைக்கு எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்றே புரியவில்லை. அவர் போய் அந்தச் சேனல்காரரைத் தேடிப்பிடித்துக் கெஞ்சியும் பார்த்தார். வீடியோ அதற்குள் ஏறிவிட்டிருந்தது. முதல் ஒரு வாரம் சினேகா மணிக்கொரு தரம் அதைத் திறந்து, கீழே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாள். முந்நூறு பேர் பார்த்திருந்தார்கள். கைகூப்புகிற பொம்மை நாலைந்து இருந்தது. வேறு ஒன்றுமில்லை. யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பொங்கல் வருவதற்குள் அந்த வீடியோ செத்துப்போனது.

தாமோதரன் நிம்மதியாகக் கடலுக்குப் போனார். சினேகாவுக்குத்தான் நிம்மதி போய்விட்டது. யாராவது கண்டுபிடித்துக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள், அழுதிருப்பாள், எப்படியோ அது முடிந்திருக்கும். யாரும் கேட்கப் போவதில்லை என்று ஆனபிறகுதான் அவளுக்கு அனம் ஞாபகமாகவே இருந்தது.

அனம், வண்ணாரப்பேட்டையில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கும் கலீலுல்லாவின் ஒரே மகள். இருவரும் ஃப்ரெடி மாஸ்டரிடம் ஒரே பலகையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். 2019இல் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் தேசியப் போட்டி நாக்பூரில் நடந்தது. தாமோதரன் கடலில் இருந்தார், பவுனம்மாளுக்கு ரயிலேறிப் பழக்கமில்லை. கலீலுல்லாதான் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போனார். ஒன்பது நாளும் இருவருக்கும் ஒரே அறை, ஒரே சாப்பாடு. சினேகாவுக்குக் காய்ச்சல் வந்த அன்று, தன் மகளின் ஆட்டத்தைப் பார்க்காமல் மருந்துக்கடை தேடி அலைந்தவர் அவர்.

கடைசிச் சுற்றில் இருவரும் மோத வேண்டி வந்தது. அனம் அரைப் புள்ளி முன்னால் இருந்தாள். சமன் செய்தாலே பட்டம் அவளுக்கு. நாலரை மணி நேர ஆட்டம். ஆளுக்கொரு யானையும் நாலு சிப்பாயும் மிஞ்சிய நிலையில் அனம் இரண்டு தடவை சமன் கேட்டாள். சினேகா தலையாட்டி மறுத்துவிட்டு ஆடிக்கொண்டே இருந்தாள். அனம் களைத்துப்போனாள். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டதும், கடிகாரத்தைப் பார்த்ததும், தப்பான சிப்பாயைத் தள்ளியதும் சினேகாவுக்கு நேற்று நடந்ததுபோல் இருந்தது. அன்றைக்கு அனமுக்குப் பதின்மூன்று வயது. தனக்கும் பதின்மூன்றுதான் என்று சினேகா நம்பிக்கொண்டிருந்தாள். உண்மையில் பதினைந்து முடிய நாலு மாதம்தான் பாக்கி.

சாம்பியனை மட்டும் அரசாங்கச் செலவில் ஆசியப் போட்டிக்கு அனுப்பினார்கள். சினேகா விமானம் ஏறினாள். அங்கிருந்து எல்லாம் மேலேதான். அனம் அந்த வருஷத்தோடு ஆட்டத்தை விட்டாள். அடுத்த வருஷம் கொரோனா வந்தது, பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது ராயபுரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் சின்னப் பிள்ளைகளின் போட்டிகளில் உதவி நடுவராகப் போய்க்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் சினேகா இரண்டு போட்டிகள் ஆடினாள். இரண்டிலும் கேவலமாகத் தோற்றாள். ஒரு ஆட்டத்தில், எதிரே இருந்த பெண் தன்னைவிட எத்தனை வயது சின்னவள் என்று யோசித்துக்கொண்டே ராணியைக் காவலில்லாத கட்டத்தில் வைத்தாள். மார்ச்சில் இருபது வயதுக்குட்பட்டோருக்கான தேசியப் போட்டி இருந்தது. அதில் 2005 ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள்தான் ஆடலாம். அவள் ஐம்பத்தெட்டு நாள் முன்னால் பிறந்தவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு மத்திய அரசு வேலைக்கு அவள் விண்ணப்பமும் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அந்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் முதல் வரியாக இருந்தது நாக்பூர் பட்டம்தான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொருக்குப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாவட்டப் போட்டி நடந்தது. அனம் அங்கே இருப்பாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சினேகா போனாள். கேட் பக்கத்து மேஜையில் அனம் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தாயும் தகப்பனும் நீட்டிய பிறப்புச் சான்றிதழை வாங்கி, ஆதாரோடு ஒப்பிட்டு, டிக் அடித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். சினேகாவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானது. பக்கத்தில் இருந்த தாய்மார்களிடம், இவள் என் ஃப்ரெண்டு, உமன் இன்டர்நேஷனல் மாஸ்டர் என்று பெருமையாகச் சொன்னாள். அவர்கள் தங்கள் பிள்ளைகளைச் சினேகா பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

முதல் சுற்று தொடங்கியதும் இருவரும் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்கள். மதிலுக்கு அந்தப்பக்கம் ஒரு சரக்கு ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது போய்முடியட்டும் என்று சினேகா காத்திருந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குப்பம்மா சொன்னது, செல்போனில் பார்த்தது, அப்பா செய்தது, எதையும் விடவில்லை. போனில் இருந்த பதிவையும் காட்டினாள்.

அனம் போனை வாங்கிப் பார்த்தாள். மேஜையில் சான்றிதழ் பார்ப்பதுபோலவே, பெயர், தேதி, இடம் என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இத்த யாருக்குச் சொல்ற? எனக்கா, இல்ல நடுவருக்கா?" என்று கேட்டாள்.

ரெண்டு பேருக்கும்தான் என்றாள் சினேகா.

"நடுவர்ன்னா நான் இன்னிக்கே எழுதிக் குடுத்தாகணும். ஃப்ரெண்டுன்னா…" அனம் நிறுத்தினாள். படியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். "நீ சொல்லிட்ட, ஒனக்கு பாரம் எறங்கிடுச்சி. நான் இத்த எங்கடி எடுத்துக்கினு போவேன்? நாக்பூர்ல நாம கடைசியா ஆடுன அந்த எண்ட்கேம நான் எத்தினி வாட்டி போட்டுப் பாத்திருப்பேன் தெரியுமா? நாம முட்டாளு, நமக்கு வராதுன்னு முடிவு பண்ணித்தானே வுட்டேன்."

சினேகா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அனம் எழுந்துகொண்டாள். தான் எதுவும் எழுதப் போவதில்லை என்றும், எழுதுவதாக இருந்தால் நீயே எழுது என்றும் சொல்லிவிட்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மண்டபத்துக்குள் போய்விட்டாள். உள்ளே ஒரு குழந்தை கை தூக்கி நடுவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

சினேகா செஸ் சங்கத்துக்கு எழுதினாள். மூன்று நாள் எழுதி, கிழித்து, மறுபடி எழுதி, கடைசியில் பத்து வரியில் முடித்தாள். அப்பாவின் பெயரையோ ஃப்ரெடி மாஸ்டரின் பெயரையோ போடவில்லை. இன்ன தேதியில் பிறந்தேன், இன்ன தேதி என்று காட்டி இன்னின்ன போட்டிகளில் ஆடினேன், எனக்கு இப்போதுதான் தெரியும், தெரிந்தபிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான். அனுப்புவதற்கு முன்னால் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். பவுனம்மாள் கடைசிவரை கேட்டாள். "ஒன் நைனா ஒடஞ்சிடுவாரு" என்றாள். அனுப்பாதே என்று சொல்லவில்லை.

ஃப்ரெடி மாஸ்டர் போன் செய்து, இப்படிச் செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, இப்போது என் பிள்ளைகள் எல்லாரையும் சந்தேகப்படுவார்களே என்று கத்தினார். நான் யோசனைதான் சொன்னேன், கையெழுத்துப் போட்டது உங்கள் அப்பா என்றும் சொன்னார். தாமோதரன் கத்தவே இல்லை. கரைக்கு வந்தவர் விஷயத்தைக் கேட்டார், சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பக் காசிமேட்டுக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு படகு கரையில் நிற்கிற நாட்களிலும் அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்தார். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தால் மகள் இருக்கும் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

சங்கத்தின் முடிவு ஏப்ரல் கடைசியில் வந்தது. நாக்பூர் பட்டமும் அதற்குப் பிந்தைய இரண்டு ஜூனியர் பட்டங்களும் ரத்து. இரண்டு வருஷம் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது. தானாக முன்வந்து சொன்னதால் தண்டனையைக் குறைத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். மகளிர் மாஸ்டர் பட்டத்தைப் பெரியவர்களோடு ஆடி வாங்கியிருந்ததால் அது மட்டும் தப்பியது. வேலைக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று அடுத்த வாரமே ஒரு மின்னஞ்சல் வந்தது.

செய்தித்தாளில் நாலு வரியாக வந்தது குப்பம் முழுக்கப் பரவியது. இத்தனை நாளாகக் குப்பத்துக்கே பெருமை என்று பேசினவர்கள், தனக்குத்தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாளே என்று பேசினார்கள். பொய் சொன்னதில் கோபப்பட்டவர்கள் குறைவு. அதைச் சொன்னதில்தான் கோபம். பேனரை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை, ஒருநாள் காலையில் சுவர் வெறுமையாக இருந்தது. குப்பம்மா வந்து உட்கார்ந்து, என் வாயால்தானே எல்லாம் என்று அழுதாள். நீ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதைத்தானே சொன்னாய் என்று சினேகா சொல்லிப் பார்த்தாள். அத்தை சமாதானம் ஆகவில்லை.

சினேகா பகலெல்லாம் வீட்டில் இருந்தாள். பலகையை எடுக்கவில்லை. ஐந்து வயதிலிருந்து... இல்லை, ஏழு வயதிலிருந்து... எந்த வயதிலிருந்து ஆடுகிறோம் என்றுகூட அவளுக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு நினைவுக்கும் ஒன்றரை வருஷம் கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அனமுக்கு இரண்டு தடவை போன் செய்தாள். அவள் எடுக்கவில்லை.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வருகிற நேரத்தில், கலீலுல்லா ஒரு ஆட்டோவில் குப்பத்துக்கு வந்து இறங்கினார். கூடவே அனம். மீன்பிடித் தடைக்காலத்திலும் காசிமேட்டிலேயே இருந்த தாமோதரன், மாதத்துக்கு ஒருமுறை வருவதுபோல் அன்று வீட்டுக்கு வந்திருந்தார். வெயில் கொளுத்திய நேரம். பவுனம்மாள் பதறிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தாமோதரன் எழுந்து நின்றவர் நின்றபடியே இருந்தார். கலீலுல்லா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. பட்டம் இப்போது அனம் பெயருக்கு மாறிவிட்டதாகவும், சான்றிதழ் கூரியரில் வந்ததாகவும், அதைக் கொண்டுவந்து காட்டுவதற்காக வரவில்லை என்றும் சொன்னார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"தாமோதரா, ஒம் பொண்ண நான் எம் பொண்ணா நெனச்சித்தான் இட்டுனு போனேன். ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா, எம் பொண்ணுக்கு நான் தைரியம் சொல்லி இருப்பேன். தோத்தது தப்பில்லம்மா, எதிர்ல இருந்தது பெரிய பொண்ணும்மான்னு சொல்லி இருப்பேன். அது கூட சொல்ல முடியாம பண்ட்டியே."

தாமோதரன் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது சினேகா பார்த்ததில்லை.

கலீலுல்லா அதற்குப் பிறகு சினேகாவைப் பார்த்துப் பேசினார். அனம் ஆட்டத்தை விட்டதற்கு நீ காரணம் என்று நினைத்து உன்னை வருத்திக்கொள்ளாதே என்றார். அவள் முதலாவதாகவே வந்திருந்தாலும் வெளிநாட்டுக்கெல்லாம் நான் அனுப்பியிருக்க மாட்டேன், அந்த வயசுப் பெண்ணை அனுப்ப எனக்குத் துணிச்சல் இருந்திருக்காது, இரண்டாமிடம் என்பது ஒரு சாக்குதான் என்றார். சொல்லும்போது அவர் மகள் பக்கம் பார்க்கவே இல்லை. அனம் வாசல் கதவில் சாய்ந்து, கருவேலத்துக்கு அப்பால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிளம்பும்போது ஆட்டோவரைக்கும் சினேகா கூடப் போனாள். கலீலுல்லா முதலில் ஏறிக்கொண்டார். அனம் ஏறுவதற்கு முன் திரும்பி நின்றாள். உள்ளே இருந்த தகப்பனுக்குக் கேட்காமல் சினேகாவிடம் மட்டும் சொன்னாள்.

"அத்தா சொன்னத நம்பாத. ஒனக்காக சொல்றாரு. எனக்குப் பாஸ்போர்ட்டு ஃபாரம் நாக்பூருக்கு முன்னியே ரொப்பி வெச்சிருந்தாரு, நான் பாத்திருக்கேன்."

சினேகா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜூன்ல கோயம்புத்தூர்ல லேடீஸ் டோர்னமெண்டு கீது. பேர் குடுத்துட்டேன்" என்றாள் அனம். "ஆறு வருஷம் ஆச்சி. அடி வாங்குவேன்னு தெரியும். எனக்குப் பழைய ஓப்பனிங் எல்லாம் மறந்து போச்சி."

கற்றுக் கொடு என்று அவள் கேட்கவில்லை. வரட்டுமா என்று சினேகாவும் கேட்கவில்லை. ஆட்டோ திரும்பி, எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நுழைந்து மறைந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபோது தாமோதரன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் ஆடிய எந்தப் போட்டிக்கும் அவர் போனதில்லை. எல்லாப் போட்டியின்போதும் கடலில் இருந்தார். அவள் யாரோடு ஆடினாள், அவர்கள் எப்படி ஆடினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஜெயித்தாளா, தோற்றாளா என்பது மட்டும்தான் தெரியும். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவர் மகளிடம் பேசினார்.

"அந்தப் பொண்ணு நல்லா ஆடுமா?"

"ஆடும் நைனா. என்னிய விட நல்லா ஆடும்."

தாமோதரன் அதைக் கேட்டுக்கொண்டார். பலகைக்கு அந்தப்பக்கமும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்று அவர் அன்றுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. பிறகு எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் கரைப்பக்கமாக நடந்து போனார்.